ஆண்டு முடிவு வெளியான நாளில் பங்கு விலை அசையாதது ஏன்?

டர்பன் மாணவி:
வணக்கம். ஜோகன்னஸ்பர்க் பங்குச் சந்தை நிறுவனங்களின் ஆண்டு முடிவுகளுக்கு முதலீட்டாளர்கள் எப்படி எதிர்வினை காட்டுகிறார்கள் என்பதே என் முதுகலை ஆய்வு. நிகர லாபம் பாதியாகக் குறைந்த நிறுவனங்களின் விலைகூட முடிவு வெளியான நாளில் பெரிதாக அசையவில்லை. என் கணக்கு தவறா?

சாட்ஸ்வர்த் கணக்காளர்:
கணக்கு சரியாகவே இருக்கலாம் அம்மா. எடுத்துக்கொண்ட நாள்தான் இடிக்கிறது. ஒரு பங்குக்கான வருமானம் முந்தைய காலத்தைவிட 20 விழுக்காடோ அதற்கு மேலோ மாறும் என்பது ஓரளவு உறுதியானதுமே, நிறுவனம் 'டிரேடிங் ஸ்டேட்மென்ட்' என்னும் முன்னறிவிப்பைச் சந்தையின் 'சென்ஸ்' செய்திச் சேவையில் வெளியிட வேண்டும் என்பது இங்குள்ள விதி. ஆகவே உங்கள் நிறுவனங்களின் சரிவு முன்பே விலையில் இறங்கியிருக்கும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் விரிவுரையாளர்:
உண்மை. ஆண்டுக் கணக்கு சொல்லும் செய்தியில் பெரும்பகுதி அது வெளியாகும் முன்பே விலையில் சேர்ந்துவிடுகிறது என்பதை 1968-இலேயே பால், பிரவுன் என்னும் கணக்கியல் ஆய்வாளர்கள் இருவரும் காட்டிவிட்டார்கள். நிகர லாபத்தை அளவுகோலாகக் கொண்டதும் எனக்கு உறுத்துகிறது. சுரங்க நிறுவனம் ஒன்று தன் சொத்து மதிப்பைக் குறைத்து எழுதினால் நிகர லாபம் சரியும். இந்தச் சந்தை கட்டாயமாக்கியுள்ள 'ஹெட்லைன் ஏர்னிங்ஸ்' என்னும் லாப அளவு அந்த மதிப்புக் குறைப்பை விலக்கிவிடுவதால் அசையாது. இங்குள்ள பகுப்பாய்வாளர்கள் முதலில் தேடுவது அந்த எண்ணைத்தான்.

டர்பன் மாணவி:
நன்றி. ஒரே நிறுவனம் இரண்டு முன்னறிவிப்புகள் விடுத்திருந்தால்?

சாட்ஸ்வர்த் கணக்காளர்:
முதலாவது பெரும்பாலும் 'குறைந்தது 20 விழுக்காடு' என்றே நிற்கும்; இத்தனை முதல் இத்தனை விழுக்காடு வரை என்னும் வரம்பு பின்னதில் வரும். இரண்டையும் தனித்தனி நிகழ்வுகளாகச் சோதியுங்கள்.