ஃபைபர் அரேயில் ஒரு ஓரம் மட்டும் தூக்குகிறது

16 சேனல் சிங்கிள்மோட் ஃபைபர் அரே (ஒளியிழைகளை ஒரே வரிசையில் பொருத்திய பாகம்) கட்டுகிறோம், பெங்களூரு லேபில். போரோசிலிகேட் கண்ணாடியில் வி-குரூவ் (ஃபைபர் உட்காரும் V வடிவப் பள்ளம்), 127 மைக்ரான் பிட்ச் (அடுத்தடுத்த பள்ளங்களின் இடைவெளி), மேலே கண்ணாடி மூடி, யூவி வெளிச்சத்தில் இறுகும் பசை. பசை இறுகும்வரை மைக்ரோஸ்கோப்பில் எல்லா ஃபைபரும் குரூவின் இரு சுவரையும் தொட்டு உட்கார்ந்திருக்கிறது. இறுகி, முனையை 8 டிகிரி சாய்வாகப் பாலிஷ் செய்து முடித்து அளந்தால் 14, 15, 16-ஆம் ஃபைபர்கள் மட்டும் ஒரு மைக்ரானுக்கு மேல் தூக்கி நிற்கின்றன. மற்றவை சமர்த்து. அந்தப் பக்கம் மூடிக்கு அடியில் பசையும் தடிமனாகத் தெரிகிறது.

போன மாதம் புது லாட் பசை வந்ததிலிருந்து இப்படி. பழைய லாட் மிச்சமில்லை, ஒப்பிட வழியில்லை.

மூடியைத் திருப்பிப் போட்டோம், அதே ஓரம்தான். யூவி வெளிச்சத்தைக் குறைத்து மெதுவாக இறுக்கினோம். உறை உரித்த பகுதியை ஐசோபுரோப்பைலால் மறுபடி துடைத்தோம். மாற்றமே இல்லை.

மூடியை அழுத்தும் ஜிக் சாய்கிறதா, பசை சுருங்கும்போது இழுக்கிறதா: இதைப் பிரித்தறிய என்ன சோதனை செய்வீர்கள்?