கோத்தகிரி தெருக் குழு: மாநாட்டு விருந்தினர் வருகை

சுந்தரம் ஐயா: அனைவருக்கும் வணக்கம். ஆகஸ்ட் 12, பன்னாட்டு இளைஞர் தினத்தையொட்டி நம் ஊரில் நடைபெறும் மாநாட்டுக்கு வருபவர்களில் சிலர் நம் தெரு வீடுகளில் தங்குகிறார்கள். சிங்கப்பூர் வழியாக 10ஆம் தேதி இரவு கோவையில் வந்திறங்கும் பிள்ளைகளை அப்போதே மேலே அழைத்து வந்துவிடலாம் என்று அமைப்பாளர்கள் கேட்கிறார்கள். உங்கள் கருத்தைத் தெரிவியுங்கள்.

மணி அண்ணன் (வேன்): வேண்டாம் ஐயா. பலாப்பழ சீசன் முடியும் வரை, மேலே வரும் மலைப்பாதையில் குஞ்சப்பனைப் பக்கம் யானைகள் சாலைக்கு வந்துகொண்டேதான் இருக்கும். போன வாரம் ஒரு தாய் யானையும் குட்டியும் வளைவிலேயே நின்றுவிட்டதால், விளக்கை அணைத்துவிட்டு, அவை தாமாக விலகும் வரை வண்டிக்குள் மூச்சுக்காட்டாமல் உட்கார்ந்திருந்தேன். மலைப்பாதையே பழக்கமில்லாத பிள்ளைகளை, அதுவும் நெடுந்தூரப் பயணம் செய்து களைத்து வருபவர்களை, பனிமூட்டத்தில் அந்த வழியே ஏற்றிக் கொண்டுவருவது சரியல்ல. இரவு கோவையில் தங்கவையுங்கள். விடிந்த பிறகு நானே அழைத்து வருகிறேன்.

ராஜி அக்கா: மணி சொல்வதே சரி. கோவையிலிருந்து வாடகைக் காரில் வருபவர்களுக்கு நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் கட்டாயம் என்பதையும், வெளிநாட்டவர் மின்னஞ்சல் முகவரியைக் கொண்டே அதற்குப் பதிவு செய்யலாம் என்பதையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். விமான நிலையத்தில் வாங்கும் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களைச் சோதனைச் சாவடியில் எடுத்துவிடுவார்கள். ஆகவே வேனில் தண்ணீர்க் கேனும் டம்ளர்களும் இருக்கட்டும். வந்து இறங்கியதும் சூடான தேநீரும் வறுக்கியும் என் பொறுப்பு.

மரகதம் அம்மா: ஐயா, இலங்கை மலையகத்து ஹட்டனிலிருந்து வரும் பெண்பிள்ளையை எங்கள் வீட்டுக்குத் தாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். 1964ஆம் ஆண்டு சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பம் எங்களுடையது. தலைமன்னாரில் கப்பலேறி, இராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் இருந்துவிட்டு, அப்பாவுக்கு டான்டீ என்ற அரசுத் தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்ததால் இந்த மலைக்கு வந்து சேர்ந்தோம். கையில் ஒரு தகரப் பெட்டியும் குடும்ப அட்டையும்தான் இருந்தன. ஸ்டேஷனில் எங்களைப் பெயர் சொல்லி அழைக்க ஒருவரும் வரவில்லை. அந்த மலையகத்திலிருந்து ஒரு பிள்ளை, அகதியாகவோ கூலியாகவோ அல்லாமல், நாலு நாட்டுப் பிள்ளைகளுக்கு நடுவே பேசுவதற்காக இங்கே வருகிறாள். அவள் ரயிலை விட்டு இறங்கும்போது நான் அங்கே நிற்க வேண்டும்.

சுந்தரம் ஐயா: அம்மா, அவள் உங்கள் வீட்டுப் பிள்ளைதான், பட்டியலை இப்போதே மாற்றிவிடுகிறேன். கொழும்பிலிருந்து சென்னைக்கு வந்து, அங்கிருந்து நீலகிரி எக்ஸ்பிரஸில் 11ஆம் தேதி அதிகாலை மேட்டுப்பாளையம் வருகிறாள். ஆனால் அந்நேரத்துக்கு நீங்கள் அங்கே இருக்க வேண்டுமானால் இருட்டிலேயே கீழே இறங்க வேண்டியிருக்குமே?

மரகதம் அம்மா: முந்தைய நாளே இறங்கி, மேட்டுப்பாளையத்தில் என் தங்கை வீட்டில் தங்கிக்கொள்கிறேன் ஐயா.

நசீமா: எங்கள் வீட்டுக்கு வரும் இந்தோனேசிய மாணவிகள் இருவருக்கும் ஹலால் உணவு தயாராக இருக்கும். ராஜி அக்கா, உங்களிடம் கூடுதலாகக் கம்பளி இருந்தால் இரண்டு கொடுத்து உதவுங்கள். வெப்ப நாட்டுப் பிள்ளைகள், ஆகஸ்ட் குளிரைத் தாங்கமாட்டார்கள்.

ராஜி அக்கா: இன்று வெயில் வந்ததால் கம்பளிகளைக் காயப்போட்டிருக்கிறேன். மாலையில் பையனிடம் கொடுத்தனுப்புகிறேன் நசீமா.

சுந்தரம் ஐயா: இன்னொன்று. வீட்டில் தங்கும் வெளிநாட்டவரின் விவரங்களை, அவர்கள் வந்த 24 மணி நேரத்துக்குள் இணையவழியில் பதிவு செய்வது வீட்டுக்காரரின் கடமை. பாஸ்போர்ட், விசா பக்கங்களை வந்தவுடன் படமெடுத்து எனக்கு அனுப்பினால், என் மகள் ஒவ்வொரு வீட்டுக்கும் வந்து பதிவை முடித்துக் கொடுப்பாள். தயவுசெய்து அவற்றை இந்தக் குழுவில் போடாதீர்கள். பிறருடைய ஆவணங்கள் அவை.

மணி அண்ணன் (வேன்): அப்படியானால் 10ஆம் தேதி பிற்பகல் மரகதம் அம்மாவை மேட்டுப்பாளையத்தில் இறக்கிவிட்டு நான் கோவை போகிறேன். மறுநாள் காலை கோவைப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு, வரும் வழியில் அம்மாவையும் ஹட்டன் பிள்ளையையும் அழைத்து வருகிறேன். ஐயா, அவளுடைய ரயில் பெட்டி எண்ணை மட்டும் அம்மாவுக்குத் தனியாக அனுப்பிவிடுங்கள்.