தொடர்கதையாக வந்த ஆங்கில நாவல்கள்: ஆய்வுக்கு ஆதாரங்கள் தேவை

வணக்கம் நண்பர்களே. ஆங்கில இலக்கியத்தில் முதுகலை ஆய்வேடு எழுதத் தொடங்கியிருக்கிறேன். 19ஆம் நூற்றாண்டில் இதழ்களில் தொடராக வந்த நாவல்கள்தான் தலைப்பு. மிகவும் பிடித்து எடுத்தது, நன்றாகச் செய்ய வேண்டும்.

நாவல்களைப் படிப்பதில் சிக்கல் இல்லை, இலவச மின்னூல் தளமான புராஜெக்ட் குட்டன்பர்கிலேயே கிடைக்கின்றன. ஆனால் அங்கே பெரும்பாலும் அச்சுப் பக்க எண் இருக்காது. மேற்கோள் காட்ட அது போதாது என்பதால், இன்டர்நெட் ஆர்க்கைவிலும் ஹாத்திடிரஸ்டிலும் ஸ்கேன் செய்த பழைய பதிப்புகளைப் பார்க்கிறேன். நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் 1850இல் தொடங்கிய 'ஹவுஸ்ஹோல்டு வேர்ட்ஸ்' இதழ், 'டிக்கன்ஸ் ஜர்னல்ஸ் ஆன்லைன்' தளத்தில் இலவசமாகவே இருக்கிறது. ஒரு தொடரின் அத்தியாயத்தை அடுத்து அந்த வாரம் என்ன கட்டுரை வந்தது என்றுகூடப் பார்க்கலாம். அவ்வளவு அருமையான தளம்!

திணறுவது விமர்சனக் கட்டுரைகளில்தான். ஆய்விதழ்க் கட்டுரைகளின் இணையத் தொகுப்பான ஜேஸ்டோரில் இலவசக் கணக்கு இருக்கிறது, சரி. ஆனால் அண்மைக்கால ஆய்விதழ்கள் பல பணம் கட்டினால்தான் திறக்கின்றன. எங்கள் நூலகத்தில் அவற்றுக்குச் சந்தா இல்லை.

இந்தக் காலகட்டத்துக்கு, கட்டணமில்லாமல் படிக்கக்கூடிய தரமான ஆய்விதழ்கள் எவை? முனைவர் பட்ட ஆய்வேடுகளை எங்கே தேடலாம்? அப்புறம், அன்றைய வாசகர்கள் இந்தத் தொடர்களை எப்படி வரவேற்றார்கள் என்று அறிய, அக்கால மதிப்புரைகளும் கடிதங்களும் வேண்டும். இதுதான் எனக்கு மிக அவசரம். கட்டுரையாசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிப் பிரதி வாங்கியவர்கள் இருந்தால், எப்படிக் கேட்டீர்கள் என்றும் சொல்லுங்கள்.