ஆர்டிசி காட்டும் நேரத்தை எதை வைத்து நம்புகிறீர்கள்?

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

இந்தப் பக்கத்துத் தென்னந்தோப்புகளுக்கு மோட்டார் டைமர் செய்து தருவதும் பழுது பார்ப்பதும் என் தொழில். போன கோடையில் வேலந்தாவளம் பக்கத்துத் தோப்புக்காரர் ஒருவர், வேறெங்கோ வாங்கிய டைமரைக் கொண்டுவந்தார். "காலைல 5 மணிக்கு ஓடணும்னு வெச்சேன் தம்பி. ஒரு நாள் 12 மணிக்கு ஓடுது, ஒரு நாள் சாயங்காலம் ஓடுது. சிப்பு போயிருச்சான்னு பாருங்க" என்றார்.

உள்ளே இருந்தது டிஎஸ்3231 என்ற ஆர்டிசி, அதாவது கரண்ட் இல்லாதபோதும் பேட்டரியில் நேரத்தை ஓட்டிக்கொண்டிருக்கும் கடிகாரச் சிப். சிப்பில் ஒரு குறையும் இல்லை, பேட்டரிதான் செத்திருந்தது. பேட்டரியும் இல்லாமல் கரண்டும் போய்விட்டால், திரும்பக் கரண்ட் வந்ததும் இந்தச் சிப் 2000 ஜனவரி 1, 00:00:00 என்று எடுத்துக்கொண்டு அங்கிருந்து ஓட ஆரம்பித்துவிடும். காலை 7 மணிக்குக் கரண்ட் வந்தால், அதன் கணக்கில் 5 மணி ஆகும்போது நமக்கு நண்பகல் 12. டிஸ்ப்ளேயில் மணி மட்டும்தான், தேதி கிடையாது. அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. கரண்ட் வந்த நேரத்தோடு 5 மணி நேரத்தைக் கூட்டிப் பார்த்தோம், அவர் சொன்ன ஒவ்வொரு நாளும் பொருந்தியது.

ஆர்டிசியைக் கேட்டால் எப்போதும் ஏதோ ஒரு நேரத்தைச் சொல்லும். அது நம்பக்கூடியதா என்று தனியாகக் கேட்க வேண்டும். அதற்கு வழியைச் சிப்பிலேயே வைத்திருக்கிறார்கள். டிஎஸ்3231-இன் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் (சிப்பின் நிலையைக் குறித்துவைக்கும் சிறு நினைவிடம்) 7-வது பிட், ஓஎஸ்எஃப். கடிகாரத்தை ஓட்டும் ஆஸிலேட்டர் நின்றிருந்தால் அது 1 ஆகிவிடும். நாம் 0 எழுதும்வரை அப்படியே இருக்கும். பிசிஎஃப்8563 என்ற இன்னொரு ஆர்டிசியில் விஎல் பிட் இந்த வேலையைச் செய்கிறது. டிஎஸ்1307 என்ற ஆர்டிசியில் சிஎச் பிட் என்று ஒன்று உண்டு, அது 1 என்றால் கடிகாரம் நின்றிருக்கிறது என்று பொருள். இந்த இரண்டும் நொடி ரெஜிஸ்டரின் 7-வது பிட்டில் உட்கார்ந்திருப்பதால், நொடியைப் படிக்கும்போது அதை மறைத்துவிட்டுப் படிக்க வேண்டும்.

சில நிரல்களில், ஆன் ஆனவுடன் முதல் வேலையாக ஓஎஸ்எஃப்-ஐ அழிப்பதைப் பார்க்கிறேன். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நேரம் கெட்டுப்போனதற்கு இருக்கும் ஒரே சாட்சி அதுதான். சரியான நேரத்தை எழுதிய பிறகுதான் அதை 0 ஆக்க வேண்டும். அதுவரை என் டைமர் "நேரம் வைக்கவும்" என்று காட்டிக்கொண்டு நிற்கும், மோட்டாரைத் தொடாது.

பேட்டரி ஏன் செத்தது என்பதற்கும் காரணம் இருந்தது. கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல மாட்யூல்களில் ஒரு டயோடும் ரெசிஸ்டரும் சேர்ந்து பேட்டரியைச் சார்ஜ் செய்யும்படி இருக்கும். அதில் சார்ஜ் ஏற்றக்கூடாத சிஆர்2032-ஐப் போட்டு 5 வோல்ட் கொடுத்தால் பேட்டரி கெடும், சில நேரம் உப்பியும் போகும். அந்த ரெசிஸ்டரைக் கழற்றிவிட்டுத்தான் நான் மாட்டுகிறேன்.

மூணாறிலிருந்து:

அண்ணா, எங்கள் எஸ்டேட்டில் மழை அளவை நேரத்தோடு தானே பதிந்துவைக்கும் மழைமானி லாகர்கள் இருக்கின்றன. முதலில் சாதாரண 32.768 கிலோஹெர்ட்ஸ் கிரிஸ்டலோடு டிஎஸ்1307 போட்டிருந்தோம். குளிர்காலம் வந்ததும் பின்தங்க ஆரம்பித்தது. இந்தக் கிரிஸ்டல்கள் சுமார் 25 டிகிரியில்தான் சரியாக ஓடும். அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும், விலகலின் வர்க்கத்தை 0.034-ஆல் பெருக்கினால் வரும் பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) அளவுக்கு மெதுவாகும். இங்கே விடியற்காலை 5 டிகிரி என்றால் 13.6 பிபிஎம், அதே நிலை நீடித்தால் நாளுக்கு 1.2 நொடி போல. உங்கள் ஊர் வெயிலில் தகரப்பெட்டிக்குள் 45 டிகிரி ஏறினாலும் அதே 1.2 நொடிதான், அதுவும் பின்னால்தான். டிஎஸ்3231 வெப்பநிலையைத் தானே அளந்து திருத்திக்கொள்கிறது. 0 முதல் 40 டிகிரிவரை ±2 பிபிஎம், ஆண்டுக்கு ஒரு நிமிடம் போல. மாற்றிய பிறகு நிம்மதி.

இன்னொன்று, ஆர்டிசிக்குள் யூடிசியை (உலகப் பொது நேரத்தை) மட்டும் வையுங்கள். இந்தியா முழுக்க ஒரே நேரம்தானே என்று தோன்றும். எங்களிடம் ஒரு லாகர் இந்திய நேரத்திலும், ஜிபிஎஸ்-இல் நேரம் எடுக்கும் இன்னொன்று யூடிசியிலும் எழுதின. வானிலைத் துறையின் மழை நாள் காலை 8:30-க்கு முடிகிறது, அதாவது யூடிசி 03:00. இரண்டு கோப்பையும் சேர்த்தபோது, 5:30 மணி வித்தியாசத்தில் ஒரு நாள் மழை அடுத்த நாள் கணக்கில் போய் விழுந்தது. இப்போது எல்லாம் யூடிசி. திரையில் காட்டும்போது மட்டும் 19800 நொடியைக் கூட்டுகிறோம்.

வாளையாறிலிருந்து:

அண்ணா, கல்லூரி புராஜெக்ட்டுக்காகக் கேட்கிறேன். என் போர்டில் நிமிடம் 89 வரை போகிறது. சில நேரம் மணியும் ஒன்று கூடுதலாக வந்து, உடனே சரியாகிவிடுகிறது.

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

தம்பி, ரெஜிஸ்டரில் இருப்பது பிசிடி. மேல் 4 பிட் பத்தாம் இடம், கீழ் 4 பிட் ஒன்றாம் இடம். 59-ஐ அப்படியே எண்ணாகப் படித்தால் 5 × 16 + 9 = 89 வரும். மேல் பாதியைப் பத்தால் பெருக்கிக் கீழ்ப் பாதியோடு கூட்டு. மணி குதிப்பதற்குக் காரணம், ஒவ்வொரு ரெஜிஸ்டரையும் தனித்தனியாகப் படிப்பதாகத்தான் இருக்கும். 10:59:59-இல் நிமிடத்தைப் படித்து முடிப்பதற்குள் மணி மாறிவிட்டால் உனக்கு 11:59 கிடைக்கும். ஏழு ரெஜிஸ்டரையும் ஒரே மூச்சில் படி. படிக்கத் தொடங்கும் கணத்தின் நேரத்தைச் சிப் தனியாகப் பிடித்துவைத்துக் கொடுக்கும்.

மூணாறு தம்பிக்கு: நேரம் நம்ப முடியாதபோது வரும் மழை அளவை வீசிவிடாதீர்கள். ஆன் ஆனதிலிருந்து ஓடிய நொடிகளையும் "நேரம் உறுதியில்லை" என்ற ஒரு பிட்டையும் சேர்த்து எழுதுங்கள். ஜிபிஎஸ் கிடைத்ததும் அந்த நொடிகளை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு, சரியான நேரத்தைப் போட்டுவிடலாம்.