தனியாகப் பிரெஞ்சு படித்தவர்கள் எப்படிப் படித்தீர்கள்? என் கதை முதலில்

வகுப்புக்குப் போகாமல், வாத்தியார் இல்லாமல் பிரெஞ்சு படித்தவர்கள் இங்கே எத்தனை பேர் என்று தெரியவில்லை. என் அனுபவத்தை முதலில் எழுதுகிறேன், உங்களுடையதை நீங்களும் போடுங்கள். எனக்கு ஊர் திருச்சி, வயது 34, கணக்கு எழுதும் வேலை. பிரெஞ்சு ஆரம்பித்ததற்குப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. கனடா ஆசை கொஞ்சம் இருந்தது (அங்கே குடியேற விண்ணப்பிக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி முறையில் பிரெஞ்சுக்கு 50 புள்ளி வரை கூடுதலாகக் கிடைக்கும்), அதைவிட, ராத்திரி போனை நோண்டும் நேரத்தில் உருப்படியாக ஏதாவது செய்வோமே என்ற எண்ணம்தான் அதிகம்.

ஒரு ஆப்பை இறக்கி 94 நாள் விடாமல் தட்டினேன். படத்தைப் பார்த்துச் சொல்லைத் தொடு, வாக்கியத்தை வரிசையாக அடுக்கு, சரி என்று ஒரு டிங் சத்தம். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது.

95-ஆம் நாள் புதுச்சேரியில் ஒரு பேக்கரி வரிசை. எனக்கு முன்னால் நூல் புடவை கட்டிய ஒரு பாட்டி கடைக்காரரிடம் பிரெஞ்சில் பேசிக்கொண்டிருந்தார். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய என்பது கேள்விப்பட்டதுதான், ஆனாலும் நேரில் பார்த்ததும் எனக்குக் கை பரபரத்தது. "போன்ஷூர் மதாம், ஷாப்ராங் ல பிரான்சே" என்றேன். வணக்கம், நான் பிரெஞ்சு படிக்கிறேன். பாட்டிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது, ஏதோ கேட்டார். எனக்கு ஒரு சத்தம் மட்டும் வந்து காதில் மோதியது. நான் "வீ" என்றேன், ஆமாம் என்று. அவர் என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். மறுபடி மெதுவாகக் கேட்டார். மறுபடியும் நான் "வீ". கடைசியில், "எத்தனை நாளா படிக்கிறீங்கன்னு கேட்டேன் தம்பி" என்றார். தொண்ணூத்தி நாலு நாள் பாட்டி என்றேன். ரொட்டியை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டே, "சரி சரி, படிங்க" என்று போய்விட்டார்.

அவர் கேட்டது "வூஸப்ரெனே தெப்வீ காங்?" அறைக்கு வந்து ஆப்பைத் திறந்து பார்த்தால் அதில் உள்ள எல்லாச் சொற்களும் எனக்கு வந்து போனவைதான். எழுதிக் காட்டியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு பதில் சொல்லியிருப்பேன். ஆக, 94 நாளும் என் கண்ணும் கட்டைவிரலும்தான் பிரெஞ்சு படித்திருக்கின்றன, காது பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறது.

அன்றிலிருந்து படிக்கும் முறையைத் தலைகீழாக மாற்றினேன். காலை 5:45 முதல் 6:15 வரை அரை மணி, அவ்வளவுதான். டிவி5 மோந்த் என்ற பிரெஞ்சுத் தொலைக்காட்சியின் தளத்தில் ஏ1 நிலைக்கான (ஏ1, ஏ2, பி1, பி2 என்று ஏறும் படிகளில் முதல் படி) சின்னச் சின்னக் காணொளிகள் பயிற்சியோடு இலவசமாக இருக்கின்றன. அதில் அரை நிமிடத் துண்டு ஒன்றை எடுத்துக்கொள்வேன். எழுத்து வடிவத்தைப் பார்க்கக் கூடாது. மூன்று முறை கேட்பேன், நான்காவது முறை நிறுத்தி நிறுத்தி, காதில் விழுந்ததை நோட்டில் எழுதுவேன், தப்போ சரியோ. அப்புறம்தான் எழுத்து வடிவத்தைத் திறந்து சிவப்புப் பேனாவால் திருத்துவது. கடைசி ஐந்து நிமிடம் பேசுகிறவர் கூடவே நானும் சத்தமாகச் சொல்வது. வீட்டில் உள்ளவர்கள் முதல் வாரம் சிரித்தார்கள், இரண்டாவது வாரம் கதவைச் சாத்தச் சொன்னார்கள்.

நோட்டின் முதல் பக்கம் இன்னும் இருக்கிறது. "எலஸபீதாலியோங்" என்று ஒரே சொல்லாக எழுதி, பக்கத்தில் கேள்விக்குறி போட்டு, ஆள் பேரா என்று குறித்திருக்கிறேன். எலிசபெத் மாதிரி கேட்டது! உண்மையில் அது நான்கு சொல், "அவர்கள் லியோனில் வசிக்கிறார்கள்" என்று அர்த்தம். அதில் அவர்கள் என்பதற்கான "எல்" என்கிற சொல்லின் கடைசியில் எழுத்தில் ஒரு எஸ் உண்டு, தனியாகச் சொன்னால் அது தூங்கும், அடுத்த சொல் உயிரெழுத்து ஒலியில் தொடங்கினால் எழுந்து அதோடு ஒட்டிக்கொள்ளும். லே, அமி இரண்டும் சேர்ந்தால் லேஸமி. இதைப் பள்ளிக்கூடத்திலேயே நாம் பார்த்தாயிற்று, நிலைமொழி வருமொழி என்று. மணி, அடித்தது, மணியடித்தது. என்ன, நம் யகரம் இரண்டு சொல்லிலும் இல்லாமல் நடுவில் புதிதாக வந்து உட்காரும், அவர்களுடையது ஏற்கெனவே எழுத்தில் படுத்திருக்கும். புணர்ச்சி என்று நினைத்துக்கொண்ட பிறகு எனக்கு இந்த விஷயத்தில் பயமே போய்விட்டது.

இன்னொன்று, யாரும் எனக்குச் சொல்லித்தராமல் இரண்டு மாதம் கழித்துத் தானாகப் பிடிபட்டது. பிரெஞ்சின் மூக்கொலிகளைக் கற்பிக்க ஆங்கிலக் காணொளிகளில் மூக்கைப் பிடி, அப்படிச் செய், இப்படிச் செய் என்று பாடாய்ப் படுத்துவார்கள். நமக்கு அது தேவையே இல்லை. "நான் வரேன்" என்று வீட்டில் பேசுகிற மாதிரி சொல்லிப் பாருங்கள். கடைசி ன் வருகிறதா? வராது, நாக்கு மேலே தொடாமல் மூக்கு வழியாகப் போய்விடும். அந்த "ரேன்" வால் எப்படி இருக்கிறதோ கிட்டத்தட்ட அப்படித்தான் பிரெஞ்சில் ஒயினுக்கான "வேன்". "பணம்" என்று பேச்சில் சொல்லும்போது வரும் வால்தான் "போன்ஷூர்" உடைய முதல் பாதி. பகர, தகர, ககரங்களையும் நாம் காற்று ஊதாமல் சொல்வோம், பிரெஞ்சுக்காரரும் அப்படியே. ஆங்கிலேயர் இதற்கெல்லாம் படாதபாடு படுவதைப் பார்த்தால் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருக்கும்.

நமக்கு வராதது வேறு. நீ என்பதற்கான சொல்லும், எல்லாம் என்பதற்கான சொல்லும் தமிழில் எழுதினால் இரண்டும் "தூ" தான். முதலாவதற்கு உதடு ஊ சொல்ல வேண்டும், உள்ளே நாக்கு ஈ சொல்ல வேண்டும். முதல் மாதம் ஒவ்வொரு சொல்லுக்கு மேலும் தமிழில் உச்சரிப்பு எழுதிவைத்த புத்திசாலி நான், இதில்தான் வசமாக மாட்டினேன். எழுதிவைக்காதீர்கள். (இங்கே நான் எழுதுவது வேறு வழியில்லாமல்.)

பஸ்ஸில் போகும்போது காலையில் எழுதிய அதே துண்டைத் திரும்பக் கேட்பேன், புதிது எதுவும் கிடையாது. இரவு அன்கியில் (பழைய அட்டைகளை இடைவெளி விட்டுத் திரும்பத் திரும்பக் காட்டும் ஆப்) அட்டைகள், நாளுக்கு எட்டு புதியவை. தனிச் சொல் போடுவதில்லை, முழு வாக்கியமும் ஒலியும் இருக்கும். பெயர்ச்சொல் என்றால் முன்னால் "ல" வா "லா" வா என்பதோடு சேர்த்துத்தான். நமக்கு மேசையும் நாற்காலியும் அஃறிணை, சோலி முடிந்தது. அங்கே மேசை பெண், புத்தகம் ஆண். அதிலும் "ல லீவ்ர்" என்றால் புத்தகம், "லா லீவ்ர்" என்றால் பவுண்டு, ஒரு எழுத்தில் கடையே மாறிவிடும். தீபாவளிக்கு ஐந்து நாள் விட்டதில் 180 அட்டை குவிந்து, பார்த்ததும் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டேன். புதிய அட்டையை இரண்டு வாரம் நிறுத்தி, நாளுக்கு முப்பது முப்பதாகக் கரைத்தேன். அன்று மொத்தமாக முடிக்கப் பார்த்திருந்தால் பிரெஞ்சையே விட்டிருப்பேன்.

11 மாதத்தில் சென்னையில் டெல்ஃப் ஏ1 (பிரெஞ்சுக்கான சான்றிதழ்த் தேர்வு) எழுதினேன். 100-க்கு 50 எடுத்தால் தேர்ச்சி, ஆனால் நான்கு பகுதியிலும் 25-க்கு 5-க்குக் குறையக் கூடாது. எனக்குக் கேட்பதில் 22, பேசுவதில் 14. பேச ஆள் இல்லாத குறை அப்பட்டமாகத் தெரிந்தது. அதை எப்படிச் சரி செய்தீர்கள் என்று யாராவது சொல்லுங்கள்.

*

உங்கள் கதைக்கு நேர் எதிர்க் கதை நான். ப்ளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்த கூட்டத்தில் ஒருத்தி. 200-க்கு 196. எங்கள் வீட்டில் இனிப்பெல்லாம் கொடுத்தார்கள். ஆறு வருஷம் கழித்து ஆபீஸில் லியோனிலிருந்து வந்தவர் "ஸா வா?" என்று கேட்டதற்கு நான் ஆங்கிலத்தில் சாரி சொன்னேன். நலமா என்றுதான் கேட்டார். முதல் பாடத்தின் முதல் வரி அது!

இப்போது திரும்ப ஆரம்பித்து ஏழு மாதம். ஆனால் ஒரு விஷயத்தில் உங்களோடு ஒத்துப்போகமாட்டேன், காது மட்டும் போதாது. இருத்தல், உடைமை, போதல், செய்தல், இந்த நான்கு வினைச்சொல்லின் வாய்பாட்டைத் தினமும் பல் தேய்ப்பதற்கு முன் ஒரு தடவை எழுதிவிடுவேன். அந்தக் காலத்து மனப்பாடம்தான் என்னைத் தாங்குகிறது. "நான் பேசுகிறேன், நீ பேசுகிறாய், அவர்கள் பேசுகிறார்கள்" மூன்றுக்கும் "பார்ல்" என்றே கேட்கும், "அவர்கள்" வந்தால் எழுத்தில் கடைசியில் ஈ, என், டி நிற்கும், வாயில் ஒன்றும் வராது. காதை நம்பி எழுதினால் எழுத்துத் தேர்வில் ஒவ்வொரு வரியிலும் போகும்.

பேச ஆள் பற்றி: நான் போனில் என் குரலையே பதிவு செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை இரண்டு நிமிடம், அந்த வாரம் என்ன சமைத்தேன், யாரோடு சண்டை என்று. அழிப்பதில்லை. ஜனவரிப் பதிவைக் கேட்டால் எனக்கே பாவமாக இருக்கிறது.

*

நான் யாழ்ப்பாணம், பாரிஸ் வந்து ஆறு வருஷம், ஒரு உணவகத்தில் குசினி (சமையலறை) வேலை. இந்தச் சொல்லையே இங்கே "குய்ஸீன்" என்று கேட்டு முதல் நாள் திகைத்துப் போனேன், எங்கட சொல் போர்த்துக்கேயரிடம் இருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. இரண்டும் சொந்தக்காரச் சொல்தான்.

எனக்குப் பிரச்சினை உங்களுக்கு நேர்மாறு. வேலைத்தளத்தில் கதைக்க வரும், எல்லாம் விளங்கும், ஒரு கடிதம் எழுதச் சொன்னால் கை நடுங்கும். எனக்குத் தெரியாது என்பதைப் புத்தகத்தில் "ஷ ந ஸே பா" என்று போட்டிருக்கும், குசினியில் ஒருவரும் அப்படிச் சொல்லமாட்டினம், "ஷே பா" அவ்வளவுதான். நாங்கள் என்பதற்கு "நூ" என்று படித்துவிட்டு வந்தால் எல்லோரும் "ஓன்" என்கிறார்கள். ஆனால் இதில் குழம்ப என்ன இருக்கு? எங்களுக்கும் எழுத்துத் தமிழ் வேறு, வாயில் வாறது வேறு. இரண்டு கொப்பி வைத்துக்கொண்டேன், ஒன்று வாய்க்கு, ஒன்று கடிதத்துக்கு.

நான் எழுத்துப் படித்தது வீட்டுக்குத் தபாலில் வாற கடிதங்களில். மின்சாரக் கம்பெனி, பிள்ளையின் பள்ளிக்கூடம், வீட்டு உரிமையாளர். இரவு வேலை முடிந்து பன்னிரண்டு மணிக்கு வந்து ஒரு கடிதத்தை அப்படியே பார்த்து எழுதுவேன், பிறகு மூடிவைத்து நினைவில் எழுதுவேன். கால் மணித்தியாலம். 2026 ஜனவரியில் இருந்து பத்து வருஷ வதிவிட அட்டையை முதல் தடவை கேட்பவருக்கு பி1, குடியுரிமைக்கு பி2 என்று ஆக்கிவிட்டார்கள், முன்பு ஒவ்வொரு படி குறைவு. அதனால் இப்ப சிரிப்பில்லை.

ஒரு பகிடி சொல்லவேண்டும். வந்த புதிதில் சாமான் கொண்டுவாறவர் தொலைபேசி எண் சொன்னார். இங்கே எண்ணை இரண்டிரண்டாகத்தான் சொல்லுவினம். "ஸ்வாஸாந்த்" என்றார், 60 என்று எழுதினேன். அடுத்து "கேன்ஸ்" என்றார், 15 என்று எழுதினேன். அது 75! எழுபத்தைந்தை அறுபது-பதினைந்து என்றுதான் சொல்வார்கள். கடைசியில் பத்து இலக்கம் வரவேண்டிய இடத்தில் பதினாறு இலக்கம் என் கையில். முதலாளி பார்த்துவிட்டு இது எந்த நாட்டு நம்பர் என்று கேட்டார். பெல்ஜியத்தில் எழுபதுக்கும் தொண்ணூறுக்கும் தனிச்சொல் இருக்காம், புண்ணியவான்கள்.

*

நானும் உண்டு. தினமும் இரண்டு மணி நேரம் என்று அட்டவணை போட்டு, மூன்று கலர் பேனா வாங்கி, ஒன்பது நாள் ஓடியது. அட்டவணை இன்னும் பிரிட்ஜில் ஒட்டியிருக்கிறது. இப்போது பாத்திரம் கழுவும்போது மட்டும், இருபது நிமிடம். ஆர்.எஃப்.ஐ என்ற பிரெஞ்சு வானொலியில் எளிய பிரெஞ்சில் பத்து நிமிடச் செய்தி போடுகிறார்கள், கேட்கிறேன், ஆனால் எளிது என்று பெயர்தான், எனக்கு ஊர்ப் பெயர்கள் மட்டும் புரிகின்றன. சீக்கிரமோ?

*

முதலில் எழுதியவன் மீண்டும். ஆமாம், அந்தச் செய்தி ஆரம்பத்துக்கு ரொம்பச் சீக்கிரம், ஏ2 தாண்டிய பிறகு எடுங்கள். எழுத்து வடிவமும் கூடவே தருகிறார்கள், அப்போது நன்றாக உதவும். அதுவரை அரை நிமிடத் துண்டுகளே போதும், பாத்திரம் கழுவும்போது ஒன்றையே பத்து முறை ஓட விடுங்கள்.

வாய்பாடு விஷயத்தில் அந்தச் சகோதரி சொன்னது சரிதான், எழுத்தில் எனக்குப் போன மார்க் எல்லாம் அந்தக் கேட்காத எழுத்துகளில்தான். நாளையிலிருந்து நான்கு வினையும் எழுதுகிறேன், பல் தேய்த்த பிறகு.

பாரிஸ் அண்ணன் சொன்ன எண் கூத்து எனக்கும் உண்டு. அதற்கு நான் செய்வது, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து முன்னால் போகிற வண்டி நம்பரை இரண்டிரண்டாகப் பிரெஞ்சில் சொல்வது. சிக்னலில் நிற்கும் நேரத்துக்குள் சொல்லி முடிக்க வேண்டும். இன்று சத்திரம் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு லாரி, 9778. நாலு-இருபது-பத்து-ஏழு, அறுபது-பதினெட்டு. "காத்ர-வேன்-தி-ஸெத்" வரைக்கும் வந்தேன், பச்சை விழுந்துவிட்டது.