மின்கழிவு விதி மாறியாச்சு, பிரிக்கிறவங்களுக்கு இடம் எங்கே?

பழைய_மதர்போர்டு:
சென்னையில் 15 வருடமாகப் பழைய கம்ப்யூட்டர் வாங்கிப் பிரிக்கிறேன். 2016 விதியில் பிரிப்பவர் என்று தனி வகை இருந்தது, மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அனுமதி வாங்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கும் விதியில் பதிவுக்கு நான்கே வகை: பொருளைச் செய்பவர், தன் பிராண்டில் விற்பவர், புதுப்பிப்பவர், மறுசுழற்சி செய்பவர். ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்திருக்கும் நான் எதில் சேர்வது?

கெமிஸ்ட்ரி_டீச்சர்:
அண்ணா, உங்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் விதி இறுகத்தான் வேண்டும். டெல்லி சீலம்பூரில் செம்புக்காக ஒயரை எரித்தார்கள், போர்டை ஆசிடில் முக்கினார்கள். ஒயரின் மேலுறையான பிவிசி பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் என்ற விஷம் வரும். பழைய டிவியின் பிக்சர் டியூபிலும், போர்டில் பாகங்களை ஒட்டும் சால்டரிலும் ஈயம். அது குழந்தைகளின் மூளையைக் கெடுக்கும். குடியிருப்புக்கு நடுவே இதை விடலாமா?

பழைய_மதர்போர்டு:
நான் எரிப்பதும் இல்லை, ஆசிட் தொடுவதும் இல்லை டீச்சர். கழற்றி, ரகம் பிரித்து விற்பதோடு சரி. இரண்டையும் ஒன்றாகப் பார்த்தால், எரிக்கிறவன் ராத்திரியில் எரித்துக்கொள்வான். நான்தான் கடையை மூட வேண்டும்.

ஆலை_சூப்பர்வைசர்:
பதிவு பெற்ற ஆலையில் வேலை பார்க்கிறேன். மின்சாதனக் கம்பெனிகளுக்கு இவ்வளவு மின்கழிவை மறுசுழற்சி செய்ய வேண்டும் என்று இலக்கு உண்டு. எங்களைப் போன்றவர்களிடம் மறுசுழற்சி செய்ததற்கான சான்றிதழ் வாங்கித்தான் அதைக் காட்ட வேண்டும். 2024இல் அரசு வீட்டு மின்சாதனங்களுக்குக் கம்பெனிகள் எங்களுக்குக் கிலோவுக்குக் குறைந்தது 22 ரூபாய் தர வேண்டும் என்று வைத்தது. சாம்சங், எல்ஜி, டைகின் எல்லாம் எதிர்த்து டெல்லி உயர் நீதிமன்றம் போயின. அந்த விலை நிலைத்தால்தான் மதர்போர்டு அண்ணன் போன்றவர்களுக்கு நாங்கள் கூட்டித் தர முடியும். அதனால் எனக்கு இந்த விதி வேண்டும்.

கெமிஸ்ட்ரி_டீச்சர்:
சார், சான்றிதழ் தங்கம், செம்பு, அலுமினியம், இரும்பு நான்குக்குத்தானே? ஈயத்தையும் பாதரசத்தையும் பத்திரமாக எடுப்பவருக்கு என்ன கிடைக்கிறது? விஷம் அதில்தான் இருக்கிறது.

ஆலை_சூப்பர்வைசர்:
அது பெரிய ஓட்டைதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காகப் பதிவே இல்லாமல் நடத்தலாம் என்றாகிவிடாது.

கெமிஸ்ட்ரி_டீச்சர்:
அண்ணா, அதே விதியில் இதுவும் இருக்கிறது: தொழிலாளர் துறை உங்களைப் பதிவு செய்து, குழு அமைக்க உதவி, பயிற்சி தர வேண்டும். தொழில் துறை ஷெட்டுக்கு இடம் ஒதுக்க வேண்டும். கேட்டு வாங்குங்கள்.

பழைய_மதர்போர்டு:
இதுவரை யாரும் வந்து என் பெயரைக் கேட்டதில்லை. ஷெட் கொடுத்தால் நாளைக்கே போகிறேன். அதுவரை சரக்கு வண்டியைப் பிடித்தால் வீட்டில் அடுப்பு எரியாது.

கெமிஸ்ட்ரி_டீச்சர்:
அதுவரை ஆட்கள் வசிக்கும் கட்டடத்தில் பிரிக்கக் கூடாது என்பதில் நான் மாற மாட்டேன்.

பழைய_மதர்போர்டு:
கடை கீழே, வீடு மேலே. பிள்ளைகள் இரண்டு பேரும் அந்தப் படியில்தான் ஏறி இறங்குகிறார்கள். நானும் யோசிக்காமல் இல்லை டீச்சர்.