கையைத் தூக்கினது சரியா?

மஞ்சக்குப்பத்தான்:
எங்க கபடி அண்ணன் போன வாரம் தவறிட்டாரு. வீட்ல கேட்டுக்கிட்டதால பேர் போடல, கடலூர்ல பழைய ஆளுங்களுக்குத் தெரியும். எதிர்ப் பக்கம் பாடிப் போனா இடது கார்னர்ல, அதான் ஓரத்துல, நிக்கிறவனை முறைச்சுக்கிட்டே வலது கார்னர்ல நிக்கிறவனைத் தொட்டுட்டு வருவாரு. நெல்லிக்குப்பம் பக்கத்துப் பொங்கல் போட்டி ஃபைனல் ஞாபகம் இருக்கா? ரெண்டு பக்கமும் சமம், கடைசிப் பாட்டு, அதான் பாடி வர்ற ரெய்டு, எதிராளியோடது. அவன் விரல் அண்ணன் பனியன்ல பட்டுச்சு. அம்பயர் கவனிக்கல. அவன் கோட்டுக்குத் திரும்பினதும் இவரே 'நான் அவுட்'னு கையைத் தூக்கிட்டு வெளிய போயிட்டாரு. ஒரு பாயிண்ட்ல தோத்தோம். மனுஷன்யா!

உச்சி வெயில்:
ஆளு போனதுக்கு வருத்தம். ஆனா அதைப் பெருமையா சொல்றீங்களே, அந்தப் பாயிண்ட் என்ன அவரு ஒருத்தரோடதா? ஏழு பேரு மூச்சு வாங்க ஆடினது. பனியன் பட்டதெல்லாம் ஒரு டச்சா?

விசில் மாமா:
உடுப்புல பட்டாலும் டச்தான் தம்பி, விதியே அது. நானும் ஊர்ப் போட்டிகள்ல அம்பயரா நின்னவன். மண் பறக்கும், டியூப் லைட் வெளிச்சம், கூட்டம் கோட்டு மேலயே நிக்கும். பாதி டச் எங்க கண்ணுல விழாது. ரீப்ளே எல்லாம் 2014ல புரோ கபடி லீக் வந்தப்புறம் டிவியில பார்த்தது.

உச்சி வெயில்:
அப்போ எதிராளியும் கையைத் தூக்கணும்ல மாமா? அவனுங்க தூக்கினானுங்களா? இன்னொண்ணும் சொல்றேன், திட்டாதீங்க. புரோ கபடில ஒரு பாட்டுக்கு 30 செகண்ட் கணக்கு, தொடர்ந்து ரெண்டு பாட்டு பாயிண்ட் இல்லாமப் போயி மூணாவதுலயும் எடுக்கலன்னா பாடிப் போனவன் அவுட். மண்ணுக்குப் பதிலா விரிக்கிற அந்த மேட்ல உங்க அண்ணன் தாங்கியிருக்க மாட்டாரு.

மஞ்சக்குப்பத்தான்:
தஞ்சாவூர்ப் பக்கத்துச் சேரலாதன் 40 வயசு தாண்டியும் புரோ கபடில கார்னர் நின்னாரே, அவரு மண்ணுல ஆடாதவரா? அண்ணனுக்குச் சரியான வயசுல அந்த மேட் இல்ல, அவ்வளவுதான்.

தேவனாம்பட்டினம்:
சண்டையை நிறுத்துங்க. அந்த ஏழு பேர்ல நான் ஒருத்தன். பரிசுப் பணத்துல என் பங்கை வெச்சு அம்மாவுக்குக் கண்ணாடி வாங்கணும்னு இருந்தேன். திரும்பி வர்ற பஸ்ல அவரோட ஒரு வார்த்தை பேசல. திருப்பாதிரிப்புலியூர்ல எறங்கினதும் எல்லாருக்கும் டீ சொன்னாரு. நான் குடிக்கல. ரெண்டு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்து, "கண்ணாடிக்கு எவ்ளோடா ஆகும்?"னு கேட்டாரு. யார் சொன்னாங்களோ தெரியல. அம்மா கடைசி வரைக்கும் அந்தக் கண்ணாடியைத்தான் போட்டாங்க.

உச்சி வெயில்:
சாரிண்ணே. கையைத் தூக்கினது தப்புன்னுதான் இன்னமும் சொல்வேன்.

தேவனாம்பட்டினம்:
நானும் அவருகிட்டயே சொன்னேன்டா. சிரிச்சாரு.